குடும்ப வன்முறையும் குழந்தைகளும்: மதுரை வட்டாரத்தில் கள ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்ப வன்முறை குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய வரும் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே கேள்வித்தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்துவிடுகிறார்கள். நாற்பது கேள்விகள், ஐந்து புள்ளி அளவுகோல், மேலே கல்லூரி முத்திரை. நான் அந்தத் தாளை வாங்கி இழுப்பறையில் வைத்துவிட்டு ஒன்று கேட்பேன்: பேட்டி கொடுக்கும் பெண், "இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது" என்று சொன்னால், அவரை எங்கே அனுப்புவீர்கள், எந்தப் பேருந்தில்?

இதற்குப் பதில் வைத்திருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். கடைசியில் எழுத வேண்டிய கேள்வித்தாளை முதலிலும், முதலில் செய்ய வேண்டிய பாதுகாப்பு ஏற்பாட்டைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதுதான் நான் பார்த்த தவறுகளில் பாதிக்குக் காரணம். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். களத்தில் இறங்குவதற்கு முந்தைய வேலைகளுக்கு மட்டும் ஐந்து மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"குடும்ப வன்முறையின் தாக்கம்" என்பது தலைப்புதானே தவிர ஆய்வுக் கேள்வி ஆகாது. யார் மீது யார் செலுத்தும் வன்முறை, எந்த வயதுக் குழந்தை, எந்த விளைவு, எந்தக் காலகட்டம் என்ற நான்கையும் நிரப்பினால்தான் அது கேள்வியாகும். "கடந்த 12 மாதங்களில் தாய் கணவரால் அடிக்கப்பட்ட வீடுகளில் வளரும் 11 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பள்ளி வருகை, மற்ற வீட்டுக் குழந்தைகளின் வருகையிலிருந்து வேறுபடுகிறதா?" என்பது ஒரு கேள்வி.

புதியவர்கள் இங்கே மூன்று வெவ்வேறு அனுபவங்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள். குழந்தை தானே அடிபடுவது ஒன்று. தாய் அடிபடுவதை நேரில் பார்ப்பது இன்னொன்று. பார்க்காமல், அடுத்த அறையில் படுத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பதும், காலையில் தாயின் வீங்கிய முகத்தைப் பார்ப்பதும் மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டில் சேர்ந்தே நடப்பதால், இரண்டையும் தனித்தனியாக அளக்காவிட்டால் எது எதனால் வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. மூன்றாவதைக் கேட்கவே மறந்துவிடுவார்கள். "பிள்ளை தூங்கிவிட்டான், அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று தாய் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால், அந்தக் குழந்தை வன்முறையே அறியாத வீட்டுக் குழந்தைகளின் கணக்கில் சேர்ந்துவிடும், ஒப்பீடே கெட்டுவிடும்.

2. உதவி கிடைக்கும் இடங்களுக்கு நீங்களே போய் வாருங்கள்

குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர், ஒன் ஸ்டாப் சென்டர் என்று எல்லோரும் சொல்லும் ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு, அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஆகியவற்றை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உடையவர்கள். இது தெரியாததால் "வக்கீலுக்கு ஏது காசு" என்று பின்வாங்கும் பெண்கள் ஏராளம்.

பட்டியல் தயாரிப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறை நேரில் போய், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், குழந்தையோடு வருகிறவர் உட்கார இடம் இருக்கிறதா, உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ வருபவர் எத்தனை பேருந்து மாற வேண்டும் என்பதைப் பார்த்து எழுதுங்கள். நான் முதன்முதலில் மேற்பார்த்த ஆய்வில், தாளில் அச்சடித்துக் கொடுத்த ஓர் எண் பல மாதங்களாகவே பயன்பாட்டில் இல்லை என்பது, அழைத்துப் பார்த்த பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை.

கொடுக்கும் அட்டையும் கவனமாக இருக்க வேண்டும். "வன்முறையா? அழையுங்கள்" என்று அச்சடித்த அட்டை ஒரு பெண்ணின் சுருக்குப் பையில் இருப்பதைக் கணவர் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆம்புலன்ஸ், மின்வாரியம், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி நாள் ஆகியவற்றின் நடுவே 181-ஐயும் 1098-ஐயும் சேர்த்து, குழந்தைகள் நலத் தகவல் அட்டையாக அச்சிடுங்கள்.

3. சட்டம் உங்கள் மீது சுமத்தும் கடமையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அது உடல், பாலியல், வார்த்தை மற்றும் மனம், பொருளாதாரம் என்று வன்முறையை விரிவாக வரையறுக்கிறது. உங்கள் செயல் வரையறையை, அதாவது ஆய்வில் எதையெல்லாம் வன்முறை என்று எண்ணுவீர்கள் என்பதை, இதிலிருந்து தொடங்கினால், பிற்பாடு "சம்பளப் பணத்தைப் பிடுங்கிக்கொள்வது வன்முறையா?" என்ற விவாதத்தில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

அடுத்ததுதான் கடுமையானது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. ஆய்வாளர் என்பதற்காக விலக்கு கிடையாது. எனவே "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்ற வாக்குறுதியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை வைக்க முடியாது என்பதைப் பேட்டி தொடங்கும் முன்பே, சாதாரணப் பேச்சு வழக்கில், சொல்லிவிட வேண்டும். பாதியில் சொல்வது துரோகமாகத்தான் படும்.

போக்சோவுக்குள் வராத கடுமையான உடல் காயம், பட்டினி போடுதல், தற்கொலைப் பேச்சு ஆகியவற்றுக்கு யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணி நேரத்துக்குள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, களப்பணியாளர் ஒவ்வொருவரின் பையிலும் வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

4. ஏற்கெனவே உள்ள எண்கள் எதைச் சொல்லவில்லை என்று படியுங்கள்

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21 காலகட்டத்தில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எப்போதாவது அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29.3. இந்த எண்ணை எடுத்து "மதுரையில் 38 விழுக்காடு" என்று எழுதுவது நான் திரும்பத் திரும்பத் திருத்தும் தவறு. வன்முறை குறித்த கேள்விகள் சிறிய துணை மாதிரியில் மட்டும் கேட்கப்படுவதால், மாவட்டத் தகவல் தாள்களில் இந்த அளவீடு வருவதில்லை. மாநில எண்ணை மாநில எண்ணாகவே எழுதுங்கள்.

காவல் துறைப் புள்ளிவிவரங்களில் பொறிகள் அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானதை மட்டுமே எண்ணும். கணவர் மற்றும் உறவினர் கொடுமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவில் வந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் வருகிறது. ஆண்டுவாரியாக ஒப்பிடுகிறவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ பெரும்பாலும் உரிமையியல் நிவாரணத்துக்கானது. நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றமாகிறது. ஆகவே குற்றப் புள்ளிவிவரத்தில் அச்சட்டத்தின் கீழ் சொற்ப எண்ணே தெரியும். அதைப் பார்த்து "தமிழ்நாட்டில் குடும்ப வன்முறை இல்லை" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு படுகை இருக்கிறது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும் புகார்களில் பல மனு ரசீதோடும் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதோடும் முடிந்துவிடும். முதல் தகவல் அறிக்கையாக மாறுவதில்லை. எனவே பாதுகாப்பு அலுவலரிடம் பதிவான குடும்பச் சம்பவ அறிக்கைகளின் எண்ணிக்கையையும், மனு ரசீதுகளின் எண்ணிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயர் உள்ள கோப்புகளைக் கேட்டால் மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும்.

5. நெறிமுறைக் குழுவும் அனுமதிகளும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவும் வேண்டும். 7 வயதிலிருந்து வாய்மொழியாகவும், 12 வயதுக்கு மேல் எழுத்திலும் அதைப் பெற வேண்டும். அடிப்பவரே ஒப்புதல் தர வேண்டிய பெற்றோராக இருக்கும்போது என்ன செய்வீர்கள் என்பதைக் குழு கேட்கும். கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் தாயின் ஒப்புதலே போதும் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் அந்த முடிவைக் குழு எடுக்க வேண்டும், நீங்கள் வாசலில் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது.

பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, அங்கன்வாடிகளுக்கு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தின் அனுமதி, குழந்தைகள் இல்லங்களுக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியான அனுமதி என மூன்றும் வெவ்வேறு மேசைகள். தேர்வுக் காலத்தில் எதுவும் நகராது. சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் மதுரையில் யாரையும் பிடிக்கவும் முடியாது.

6. யாரை, எங்கே, எத்தனை பேரை

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு. வன்முறை 38 விழுக்காடு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதை ஐந்து விழுக்காட்டுப் புள்ளி கூடக் குறைய, 95 விழுக்காடு நம்பிக்கையோடு மதிப்பிட, எளிய மாதிரியில் சுமார் 363 பேர் வேண்டும். வீடுகளைத் தனித்தனியாக எடுக்காமல் ஊர் ஊராகக் கொத்தாக எடுப்பதால் அதை 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 545. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் சுமார் 600. முதுநிலை மாணவர் ஒருவர் ஆறு மாதத்தில் இதைச் செய்ய முடியாது. முடியாது என்று ஒப்புக்கொண்டு, இருபது இருபத்தைந்து ஆழமான பேட்டிகளுக்கு மாறிக்கொள்வது அறுபது பேரிடம் எடுத்துவிட்டு விழுக்காடு போடுவதைவிட நேர்மையானது.

புகலிடத்திலும் சேவை மையத்திலும் மட்டும் மாதிரி எடுத்தால், மிகக் கடுமையான நிலையில் உள்ளவர்களே கிடைப்பார்கள். வீடு வீடாக எடுத்தாலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது இந்தப் பக்கத்துக் குடும்ப வழக்கத்திலிருந்து வருவது. வீட்டில் சண்டை முற்றினால் பிள்ளையை அம்மாச்சி வீட்டில் விட்டுவிடுவார்கள், அல்லது விடுதியில் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் கதவைத் தட்டும்போது அந்தப் பிள்ளை அங்கே இருக்காது. அதாவது, அதிகம் பாதிக்கப்பட்ட குழந்தைகளே உங்கள் மாதிரியிலிருந்து நழுவுவார்கள். விளைவு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே "இப்போது இந்த வீட்டில் இருக்கும் பிள்ளைகள்" என்று கேட்காமல், "உங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் இப்போது எங்கே படிக்கிறார்கள்" என்று கேளுங்கள். சேடபட்டிப் பக்கம் ஒரு பெண் இரண்டு பிள்ளைகள் என்று சொன்னார். இந்தக் கேள்வியைக் கேட்டதும், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியவனை எங்க அம்மா கொண்டுபோயிருச்சு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததை நாற்பது கேள்விகளும் தொட்டிருக்கவில்லை.

ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் பேசுங்கள்; அதே தெருவில் ஆண்களிடம் வன்முறை பற்றிக் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பரிந்துரைகள் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் எளிது: ஆணிடம் கேட்ட கேள்வியே, அவர் மனைவியிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

7. இப்போது கேள்வித்தாள்

"வன்முறை" என்ற சொல்லைக் கேள்விகளிலிருந்து எடுத்துவிடுங்கள். அது நாளிதழில் வரும் சொல். வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. முன்சோதனையில் ஒரு பெண்ணிடம் "கணவர் உங்களை அடிப்பாரா?" என்று கேட்டோம். "ச்சே, அடிக்கல்லாம் மாட்டாரு. கோவம் வந்தா ரெண்டு போடுவாரு" என்றார். "இல்லை" என்று குறித்திருந்தால் தாளுக்கு அது சரியான பதில். எனவே ஒவ்வொரு செயலையும் தனியாகக் கேட்க வேண்டும்: கன்னத்தில் அறைந்தாரா, தள்ளிவிட்டாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, கையில் கிடைத்ததை எடுத்து வீசினாரா, காலால் உதைத்தாரா. "திட்டினாரா" என்பதோடு "வைதாரா" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் இரண்டாவது சொல்லுக்கே பதில் வரும்.

மோதல் உத்திகள் அளவுகோல் என்ற கருவியை 1979-இல் மரே ஸ்ட்ராஸ் வெளியிட்டார்; செயல்களை எண்ணுவதில் அது வலுவானது. யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் தற்காத்துக்கொள்ளத் தள்ளினார் என்பதை அது பிடிப்பதில்லை என்ற விமர்சனமும் பழையதே. ஆகையால் செயல்களோடு, "அவர் வரும் சத்தம் கேட்டால் வீட்டில் என்ன நடக்கும்?" என்ற திறந்த கேள்வி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில்களில் குழந்தைகள் தாமாகவே வந்துவிடுவார்கள்: டிவியை அணைப்பார்கள், புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள், சின்னவள் போர்வைக்குள் போய்விடுவாள்.

குழந்தையின் மனநிலையை அளக்கப் பலரும் எடுப்பது ராபர்ட் குட்மன் உருவாக்கிய வலிமைகள் மற்றும் சிரமங்கள் வினாத்தாள். 25 கூற்றுகள், ஐந்து பிரிவுகள். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம், 11 வயதுக்கு மேல் குழந்தையே நிரப்பலாம். இதில் மூன்று எச்சரிக்கைகள். சொற்களை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற அனுமதி இல்லை. வெளியிடப்பட்ட தமிழ் வடிவத்தை அப்படியே பயன்படுத்த வேண்டும். வெட்டுப்புள்ளிகள் முதலில் பிரித்தானியக் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டவை. எனவே "இயல்பானது, அசாதாரணமானது" என்று முத்திரை குத்தாமல், 0 முதல் 40 வரையுள்ள மதிப்பெண்ணாகவே ஒப்பிடுங்கள். கடைசி எச்சரிக்கையைத்தான் யாரும் கவனிப்பதில்லை: வினாத்தாள் கடந்த ஆறு மாதத்தைக் கேட்கிறது. ஜூனில் புது வகுப்பை ஏற்ற ஆசிரியர் ஆகஸ்டில் நிரப்பினால், அவர் குழந்தையைப் பற்றி அல்ல, முந்தைய ஆசிரியர் சொன்னதைப் பற்றி எழுதுகிறார். டிசம்பருக்கு முன் ஆசிரியர் தாளைக் கொடுக்காதீர்கள்.

காலத்தை நினைவுபடுத்தத் தேதி கேட்டுப் பயனில்லை. ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, கொரோனா ஊரடங்கு, குழந்தைக்கு மொட்டை எடுத்துக் காது குத்தியது, பள்ளியில் சேர்த்தது, வீடு மாறியது, ஊர்ப் பொங்கல் ஆகியவற்றை முதலில் குறியுங்கள். பிறகு, "கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனது இதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால், வன்முறை தொடங்கியபோது குழந்தைக்கு என்ன வயது என்பது தானாகக் கிடைக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததற்கும் பத்து வயதில் நடந்ததற்கும் விளைவு வேறுபடும் என்பதால், இந்தத் தாள்தான் உங்கள் ஆய்வின் மிக மதிப்புள்ள பக்கம்.

8. களப்பணியாளர்

பெண்களாக இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரராக இருக்கக் கூடாது. மதுரைப் பக்கத்து ஊர்களில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில், "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுக?" என்ற கேள்வி வரும். பதிலிலிருந்து உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால், அன்பு கூடும், உண்மை குறையும். சொன்னது சொந்தத்துக்குள் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. "கல்லூரியிலிருந்து வருகிறோம், இந்த வேலையில் அதைச் சொல்லக் கூடாது என்று விதி" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழக்குங்கள்.

பயிற்சியில் பாதி நேரம் கேட்பதற்கு அல்ல, நிறுத்துவதற்கு. பேட்டி கொடுப்பவர் உடைந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, தொடர வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆலோசனை சொல்லக் கூடாது. "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோங்க அக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்ட ஒரு நல்ல பெண்ணை நான் களத்திலிருந்து ஒரு வாரம் விலக்கி வைத்தேன். அவர் தன் அம்மா சொன்னதைத்தான் சொன்னார்.

ஒரு நாளைக்கு இரண்டு பேட்டிக்கு மேல் வேண்டாம். மாலையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்கு எது மனதில் நிற்கிறது என்று பேசிவிட்டுக் கலைய வேண்டும். நிதித் திட்டத்தில் இந்த நேரத்துக்கும் கூலி போடுங்கள்.

9. வீட்டு வாசலில்

ஊரிலும் வீட்டிலும் ஆய்வை "தாய் சேய் நலமும் குடும்ப வாழ்க்கையும்" என்று அறிமுகப்படுத்துங்கள். தனியாக இருக்கும்போது மட்டும், அந்தப் பெண்ணிடம் முழு விவரத்தையும் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். ஒப்புதல் படிவத்தின் நகலை வீட்டில் விட்டுவரக் கூடாது. ஒரு குழுவில், அடையாள அட்டையிலேயே ஆய்வின் முழுத் தலைப்பும் அச்சாகி இருந்தது. மூன்றாவது வீட்டுக்குள் போவதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது, நான்காவது கதவு திறக்கவில்லை.

பகல் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை நல்ல நேரம். நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்லாதீர்கள். கையில் இருக்கும் இரண்டாவது தாளுக்கு மாறிவிடுங்கள்: பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டான், சத்துமாவு கிடைக்கிறதா, தடுப்பூசி போட்டாயிற்றா. அந்தத் தாளையும் முழு அக்கறையோடு நிரப்புங்கள், இல்லையென்றால் மாமியாருக்குச் சந்தேகம் வரும்.

பிறகு தொலைபேசியில் அழைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பாதீர்கள். போன் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

10. குழந்தையிடம் கேட்க வேண்டுமா?

பெரும்பாலான கேள்விகளுக்கு, வேண்டாம் என்பதே என் கருத்து. வருகைப் பதிவேடு, கல்வியாண்டின் நடுவே வாங்கிய மாற்றுச் சான்றிதழ், ஆசிரியர் நிரப்பிய தாள், தாய் சொல்லும் தூக்கம், படுக்கையில் சிறுநீர் கழித்தல், காரணம் தெரியாத வயிற்றுவலி ஆகியவற்றிலிருந்தே போதுமான அளவு தெரிந்துகொள்ளலாம். குழந்தையிடம் நேரடியாகக் கேட்டால், அது அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும், மாலையில் "அந்த அக்கா என்ன கேட்டாங்க?" என்று அப்பா கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

பேசித்தான் ஆக வேண்டும் என்றால், சம்பவத்தைக் கேட்காமல் நாளைக் கேளுங்கள். "நேற்று பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து தூங்கும் வரை என்ன செய்தாய்?" என்று கேட்டு, தாளில் வீட்டை வரையச் சொல்லுங்கள். வரைந்ததைப் பார்த்து நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள். செல்லூரில் ஒரு பையன் கதவை மிகப் பெரிதாக வரைந்தான்; உடன் வந்த மாணவி அதைப் "பயத்தின் குறியீடு" என்று குறித்துக்கொண்டார். கேட்டபோது, "நாங்க புதுக் கதவு போட்டிருக்கோம்" என்றான்.

11. பதிவுகள்

பெயர், முகவரி ஒரு நோட்டிலும், குறியீட்டு எண்ணோடு பதில்கள் இன்னொன்றிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பையில் பயணிக்கக் கூடாது. ஒலிப்பதிவை அன்றிரவே கடவுச்சொல் உள்ள கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழியுங்கள். எழுத்தில் பெயர்ப்பதை வெளியாளிடம் கொடுக்காதீர்கள்.

12. பகுப்பாய்வு

வறுமை, குடி, தாயின் மனச்சோர்வு ஆகிய மூன்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டு "கட்டுப்படுத்திவிட்டோம்" என்று எழுதுவது வழக்கம். வறுமை வன்முறைக்கு முன்பே இருந்திருக்கலாம். ஆனால் தாயின் மனச்சோர்வு பெரும்பாலும் வன்முறையால் வந்து, குழந்தையைப் போய்ச் சேரும் வழி. வழியை அடைத்துவிட்டால் விளைவு காணாமல் போகத்தான் செய்யும். எது முன்னது, எது இடைப்பட்டது என்பதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டுப் பிறகு கணினிமுன் உட்காருங்கள்.

ஒரே நேரத்தில் எடுத்த தரவிலிருந்து "வன்முறையால் ஏற்பட்டது" என்று எழுத முடியாது; "வன்முறை உள்ள வீடுகளில் அதிகம் காணப்பட்டது" என்றே எழுத முடியும். எல்லாக் குழந்தைகளும் பாதிக்கப்படுவதாகவும் எழுதாதீர்கள். 118 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், பெற்றோரிடையேயான வன்முறையைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளில் சுமார் 63 விழுக்காட்டினர் மற்ற குழந்தைகளின் சராசரியைவிட மோசமான நிலையில் இருந்தனர். மீதியுள்ளவர்கள் ஏன் அப்படி இல்லை என்ற கேள்வி, முதல் கேள்விக்குச் சமமான மதிப்புடையது. எங்கள் பேட்டிகளில் அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெரியவர் இருந்தார்: அம்மாச்சி, தாய்மாமன், ஒரு டியூஷன் அக்கா. கேள்வித்தாளில் அதற்கும் ஓர் இடம் வையுங்கள்.

13. எழுதும்போது

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் போக்சோவின் 23-ஆவது பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கின்றன. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "அங்கன்வாடிப் பணியாளர், இரட்டைப் பெண் குழந்தைகள், கணவர் திருப்பூரில்" என்று எழுதினால், ஒன்றியத்தில் அப்படி ஒருவர்தான் இருப்பார். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டு யாரும் படிக்கும்படி கிடைக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளையே நாளைக்குப் படிப்பான்.

சமர்ப்பிக்கும் முன், ஊர் பெயர்களை எடுத்துவிட்ட வரைவை, அந்த வட்டாரத்தை நன்கறிந்த, ரகசியம் காக்கும் ஒருவரிடம் கொடுத்து, யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். நான் அப்படிக் கொடுத்த முதல் வரைவில் நாலாவது பக்கத்திலேயே விரலை வைத்து, "இது அந்தப் பால் சொசைட்டிக்கு எதிர்வீடுதானே?" என்றார் அவர். இரவோடு இரவாக அந்த இயலைப் பிரித்து, மூன்று பேருடைய விவரங்களைக் கலந்து மறுபடி எழுதினேன்.